வாயில் வைத்த விரலும் வான் சுட்டிய விரலும்

எகிப்து நாட்டின் பழங்கோயில்களில் அடியவர் காணிக்கையாக இட்ட வெண்கலச் சிற்றுருவங்கள் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. கர்னக் கோயிலின் முற்றத்திலே பண்டைக்காலத்து மூடப்பெற்ற குழி ஒன்றிலிருந்து, 1903ஆம் ஆண்டு தொடங்கி லெக்ரேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தெடுத்தவை மட்டுமே ஏறத்தாழ 17,000 எனக் கணக்கிடுவர். கி.மு. 664 முதல் 332 வரை உள்ள, எகிப்தியவியலார் 'பிற்காலம்' என வழங்கும் காலப்பகுதியிலும், அதனையடுத்துத் தாலமி மரபினர் ஆண்ட காலத்திலும் இவை பெருவாரியாக வார்க்கப்பெற்றன. மெழுகில் உருச்செய்து, அதன்மேல் மண் பூசி, சூட்டில் மெழுகு உருகி ஓடியபின் அவ்வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி வார்ப்பதே இவற்றின் செய்முறை. சுவாமிமலைத் தபதியர் இன்றளவும் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவேயாகும். பல உருவங்கள் ஒரு சாண் அளவுக்கும் குறைந்தவை. பீடத்தில், 'இன்னார் மகன் இன்னானுக்கு இத்தெய்வம் வாழ்வு அளிக்க' என்னும் பொருள்பட எழுத்துப் பொறித்தனவும் உண்டு.

இக்காணிக்கை வழக்கம் நமக்குப் புதியதன்று. திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தே கோயில்கொண்ட கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழா நடைபெறுங்காலத்துச் சென்றால், கண்ணும் கையும் காலும் குழவியும் தொட்டிலுமாக வெள்ளித் தகட்டில் அடித்த உருக்களை அடியவர் வாங்கி இடுதலைக் காணலாம். எகிப்தியன் வார்த்தான், நம்மவர் தகட்டில் அடிக்கின்றனர். வேண்டுதலின் இயல்பு ஒன்றே. எனினும் இவ்வொப்புமையை நீட்டிச் சொல்லுதல் எம் கருத்தன்று. இக்கட்டுரை, அவ்வெண்கலங்களுள் ஒருவகையில் காணப்பெறும் ஒரு விரலையும், தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனி ஒன்றன் விரலையும் பற்றியது.

எகிப்திய உருவம் ஒரு குழந்தை. உடையில்லை. தலை மழித்து, வலப்புறம் மட்டும் ஒரு சிறு பின்னல் தொங்குகின்றது. அந்நாட்டுச் சிறாரின் முடியமைப்பு அது. நெற்றியிற் படமெடுத்த நாகம். சிலவற்றில் மேலெகிப்து, கீழெகிப்து ஆகிய இருநாட்டுக்கும் உரிய இரட்டை முடி. இடக்கை உடலைச் சார்ந்து கிடக்க, வலக்கையின் சுட்டுவிரல் மட்டும் வாய்க்கு உயர்ந்து இதழைத் தொட்டு நிற்கின்றது. ஓசிரிசுக்கும் ஐசிசுக்கும் மகனாகிய ஹோரஸின் குழந்தைக் கோலம் இது. 'குழந்தையாகிய ஹோரஸ்' எனப் பொருள்படும் எகிப்தியப் பெயரைக் கிரேக்கர் தம் நாவுக்கேற்பத் திரித்து 'ஹார்ப்போகிரட்டீஸ்' என வழங்கினர்.

பெயரைத் திரித்ததோடு அவர் அமையவில்லை. விரலுக்கும் ஒரு பொருள் கற்பித்தனர். வாயில் விரல் வைத்தல் 'பேசற்க' எனும் குறிப்பு என்பது கிரேக்க உரோமானிய வழக்கு. ஆகவே இக்குழந்தை மௌனத்தின் தெய்வமாயிற்று. புளூட்டார்க்கு, ஐசிஸ் ஓசிரிஸ் பற்றிய தம் நூலில், இத்தெய்வத்தை முதிராத குழவியென எண்ணலாகாது என்றும், தெய்வங்களைப் பற்றி மாந்தர் கொள்ளும் முதிரா எண்ணங்களைத் திருத்தும் தலைவன் இவன் என்றும், வாய்மேல் வைத்த விரல் நாவடக்கத்தின் அடையாளம் என்றும் விளக்கம் கூறினார். வாரோ கருத்தோ இன்னும் விந்தையானது. ஐசிஸ், செராபிஸ் கோயில்களிலெல்லாம் வாயில் விரல் வைத்த உருவம் நிற்பதற்குக் காரணம், அத்தெய்வங்கள் ஒருகாலத்து மாந்தராய் இருந்தமையை எவரும் வெளியிடலாகாது என எச்சரித்தற்கே என அவர் எழுதியதாகப் புனித அகஸ்தீனார் எடுத்துரைக்கின்றார். ஓவிட் என்னும் கவிஞரும் விரலால் வாயடக்கச் சொல்லும் தெய்வத்தை ஐசிசின் சுற்றத்துள் வைத்துப் பாடினார். ஐரோப்பியப் புலமையுலகம் நெடுங்காலம் இப்பொருளையே நம்பியது.

இவ்வுருவத்தின் நிழற்படம் ஒன்றினை முதுகலை வகுப்பிற்குக் கொண்டுசென்ற நாளொன்றில், கல்லூரி வாயிலிற் பூ விற்கும் முதியவள் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். யாம் ஒன்றும் வினவவில்லை. "பிள்ளை விரல் சூப்புது, பசிக்குது போல" என்று சொல்லித் திருப்பித் தந்தாள். மாணவர் நகைத்தனர். ஆனால் எகிப்தியர் எழுத்தே அம்முதியவளின் பக்கம் சான்று பகர்கின்றது.

1822ஆம் ஆண்டு சாம்போலியன் எகிப்தியப் பட எழுத்துக்களைப் படிக்கும் நெறி கண்டபின்னர், கையை வாய்க்குக் கொண்டுசெல்லும் குழவியின் வடிவம் அவ்வெழுத்து வரிசையுள் ஒரு குறி என்பதும், குழந்தை, இளமை ஆகிய பொருளுடைய சொற்களோடு அது வருகின்றது என்பதும் தெளிவாயின. எனவே வெண்கலத்தில் உள்ள விரல் எழுத்திலுள்ள விரலே. அது 'குழந்தை' என்னும் சொல்லை உருவத்தின்மேல் எழுதியதற்கு ஒப்பாகும். அதில் ஏவலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இருநாட்டு முடி தரித்தவனாயினும் இவன் குழவி என அறிவிப்பதே அதன் தொழில். பிலே தீவில் கி.பி. 394இல் பொறிக்கப்பெற்றதே அவ்வெழுத்தால் அமைந்த சாசனங்களுள் இறுதியது. அதன்பின் எழுத்தைப் படிப்பார் இல்லை. உருவம் மட்டும் எஞ்சியது. புளூட்டார்க்கு வாழ்ந்த நாளிலோ எழுத்தறிந்த பூசகர் எகிப்தில் இருந்தனர். அவரை வினவாமல் தம் நாட்டுக் கைக்குறிப்பைக் கொண்டே பிறநாட்டு உருவத்தைப் படித்ததனால் வந்த பிழை இது.

இவ்வுருவம் நம் நிலப்பரப்புக்கும் வந்துள்ளது. பழைய தட்சசீலத்தின் ஒரு பகுதியாகிய சிர்காப்பில் சர் ஜான் மார்ஷல் நிகழ்த்திய அகழாய்வில், இரட்டை முடி தரித்து வலக்கைச் சுட்டுவிரலை இதழில் வைத்த வெண்கல ஹார்ப்போகிரட்டீஸ் ஒன்று கிடைத்தது. அது கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது. தென்னாட்டிற்கும் எகிப்திற்கும் இடையே நிகழ்ந்த கடல்வாணிகமும் இன்று ஐயத்திற்கு இடமற்றது. செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிம், பெரெனிகே ஆகிய துறைகளில் தமிழ்ப்பெயர் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. எம் மாவட்டத்திலேயே, பழனியை அடுத்த பொருந்தலில் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் பேராசிரியர் கா. இராசன் நிகழ்த்திய அகழாய்வு, மலையடிவாரத்துச் சமவெளியாகிய இப்பகுதி சங்க காலத்தே கண்ணாடி மணிகள் செய்த தொழிற்களமாக விளங்கியமையைக் காட்டிற்று.

இத்துணைச் சான்றும் கிடைத்தவுடன், கடன்கொடுத்தார் யார், கொண்டார் யார் எனக் கணக்கெழுதத் தொடங்கும் ஆர்வம் நம்மிடை மிகுதி. தாயின் பாலுண்ணும் தெய்வக் குழவி அங்கும் உண்டு, இங்கும் உண்டு. தேள் கடித்த குழந்தை ஹோரஸ் உய்ந்த கதை அங்குண்டு, அரவு தீண்டிய வணிகனைத் திருமருகலிலும் பூம்பாவையை மயிலாப்பூரிலும் எழுப்பிய குழந்தை இங்குண்டு. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிக்கும் ஆய்வேடுகளை யாமும் திருத்தியிருக்கின்றோம். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு எகிப்தியத் தெய்வங்களை நம் தெய்வங்களோடு இணைத்தலும் இத்தகையதே. சிர்காப்பு வெண்கலத்திற்கும் திருஞானசம்பந்தர் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டிற்கும் இடையே அறுநூறு ஆண்டுகள்; அவருடைய செப்புத் திருமேனிகள் பெருகிய காலத்திற்கோ ஆயிரம் ஆண்டுகள். இவ்விடைவெளியை நிரப்பும் உருவம் ஒன்றேனும் தென்னாட்டிற் காணப்படாதவரை கடன் என்னும் பேச்சிற்கு இடமில்லை. ஆயினும் தொடர்பில்லாதவற்றை ஒப்பிடுதல் பயனற்றதன்று. ஒரே அகவைக் குழந்தையின் ஒரே விரலை இரு மக்கள் எவ்வாறு ஆண்டனர் என்று காணும்போது, அவரவர் இலக்கியம் உலோகத்துள் எத்துணைத் தூரம் சென்றது என்பது விளங்கும்.

இனிச் சம்பந்தரைக் காண்போம். இவருடைய செப்புத் திருமேனிகளில் இருவகைக் கோலம் பெருவழக்கு. ஒன்று நின்ற கோலம்: ஆடையின்றி, அணிகலன் சில பூண்டு, வலக்கைச் சுட்டுவிரலை மேல்நோக்கி நீட்டி, இடக்கையிற் கிண்ணம் ஏந்தி நிற்கும் குழந்தை. மற்றொன்று ஆடற் கோலம்: ஒருகால் தூக்கி, ஒருகை வீசி, மறுகைச் சுட்டுவிரலை உயர்த்தியது. இவ்விரண்டாம் கோலம் வெண்ணெய்க்கு ஆடும் கண்ணன் திருமேனியோடு மயங்குவது. நிற்கும் நிலையும் வீசிய கையும் இரண்டிற்கும் பொது. பெரும்பாலும் விரல் ஒன்றே வேறுபாடு காட்டும். சுட்டினால் சம்பந்தர், வெண்ணெய் ஏந்தியோ அபயம் காட்டியோ இருப்பின் கண்ணன். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் விற்பனைப் பட்டிகளிலும் இவ்விரு பெயரும் இடம்மாறியமைக்கு இம்மயக்கமே காரணம்.

இது வெறும் பெயர்ச்சீட்டைப் பற்றிய செய்தியன்று. கோயிற் பதிவேட்டில் 'சம்பந்தர்' என்றிருந்து, கடல்கடந்த நாட்டில் அதே உருவம் 'கண்ணன்' என்று காட்சிக்கு வைக்கப்படின், களவுபோனதைத் தேடுவார் அதனைக் காணாமலே கடந்துசெல்வர். 2022 சூன் மாதத்தில் புதுதில்லியில் நடுவணரசு தமிழ்நாட்டிடம் ஒப்படைத்த பத்துத் தொல்பொருள்களுள் ஆசுத்திரேலியாவிலிருந்து மீண்ட சம்பந்தரும் ஒருவர். சாயாவனம் சாயாவனேசுவரர் கோயிலுக்கு உரியவர் எனக் கண்டறியப்பட்டவர். விரலைப் படிக்கத் தெரிதல் புலமைக்கு மட்டும் உரிய கவலையாக நின்றுவிடவில்லை என்பதற்கு இது போதும்.

இவ்விரல் எங்கிருந்து வந்தது? பெரியபுராணத்திலிருந்து வந்தது என்பதே எல்லாரும் கூறும் விடை. மூன்றாண்டுக் குழந்தையைச் சீகாழிக் கோயிற் குளக்கரையில் இருத்திவிட்டுச் சிவபாதவிருதயர் நீராடப் புகுந்தார். தந்தையைக் காணாது குழந்தை அழ, உமையம்மை பொற்கிண்ணத்திற் பால் கொடுத்தருளினாள். கரையேறிய தந்தை, பால் வழியும் வாயைக் கண்டு, இவ்வெச்சிலை ஊட்டியவர் யார், காட்டு என்று சிறுகோல் ஒன்றை ஓங்கினார். குழந்தை விசும்பை விரலாற் சுட்டிப் பாடிற்று. இவ்வாறு சேக்கிழார் கூறுகின்றார். சிற்பி அவ்வாறே செய்தான் என்பர்.

இவ்விடை காலக்கணக்கிற்கு ஒவ்வாது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர் என்பது பெரும்பான்மையோர் துணிபு. அவன் ஆட்சி 1133 முதல் 1150 வரை. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களோ, அக்கோயில் சீகாரியம் செய்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் எழுந்தருளுவித்த திருமேனிகளைப் பட்டியலிடும்போது, நம்பி ஆரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர் என்பாரோடு திருஞானசம்பந்தடிகளையும் குறிக்கின்றன. இது முதலாம் இராசராசன் ஆட்சியின் இறுதியாண்டுகளில், அஃதாவது 1014ஐ ஒட்டி நிகழ்ந்தது. சேக்கிழாருக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன்னரே சம்பந்தர் செம்பில் நின்றுவிட்டார். அப்பட்டியல் ஒவ்வொரு திருமேனியின் உயரத்தையும் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்து, முழம், விரல், தோரை எனக் கூறும் திறம் நோக்கற்பாலது. தெய்வத்தை அளந்ததும் விரலால்தான் என்பது இடையே தோன்றும் ஒரு வியப்பு.

சிற்பிக்குச் சேக்கிழார் கிடைத்திலர் எனின், அவனுக்குக் கிடைத்தது யாது? சம்பந்தரின் பதிகம் கிடைத்தது. பெரியபுராணத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சீகாழியிற் பாடிய முதற்பதிகத்தை மட்டும் படித்துப் பார்த்தல் வேண்டும். அதன் அமைப்பு விந்தையானது. இறைவனுடைய தோடணிந்த செவியிலே தொடங்கி, ஏறு, மதி, நீறு என ஒவ்வோர் அடையாளமாகச் சொல்லி, என் உள்ளத்தைக் கவர்ந்த கள்வன் என்று குற்றமும் சாட்டி, பாடல்தோறும் இறுதியில் ஒரே முடிபிற்கு வருகின்றது. அம்முடிபின் உயிர் 'இவன்' என்னும் ஒரு சொல். இறுதிக்கண் அமைந்த திருக்கடைக்காப்பு நீங்கலாக, பத்துப் பாடல்களும் அச்சொல்லைக் கொண்டே முடிகின்றன.

'இவன்' என்பது சுட்டுப்பெயர். அ, இ, உ என்னும் மூன்றனையும் சுட்டு எனத் தொல்காப்பியர் நூன்மரபில் வகுத்தார். அவற்றுள் இகரம் அண்மைச்சுட்டு. 'அவன்' என்பது கேட்போனுக்குச் செய்தி. 'இவன்' என்பதோ கேட்போனைத் திரும்பிப் பார்க்கச் செய்வது. முன்னே ஒருவன் நின்றாலன்றி அச்சொல்லுக்கு நிறைவில்லை. கள்வன் யார் எனக் கேட்டால் அடையாளம் கூறிக் கையை நீட்டுதல் உலக வழக்கு. பதிகம் அடையாளங்களைக் கூறுகின்றது, சொல்லால் கையை நீட்டுகின்றது. பத்து முறை 'இவன்' எனக் கேட்ட கம்மியன், அச்சொல்லை உலோகத்தில் எழுதுதற்கு வேறு என்ன செய்வான்? ஒரு விரலை நீட்டுவான். தமிழ் அவ்விரலுக்கு இட்ட பெயரே சுட்டுவிரல். இலக்கணத்திற் சுட்டு எனப்படுவதும் கையிற் சுட்டு எனப்படுவதும் நம் மொழியில் ஒரு சொல்லே ஆதலின், செம்பில் உள்ள அவ்விரல் பதிகத்தின் சுட்டுப்பெயரினது மொழிபெயர்ப்பு எனக் கொள்ளுதல் வலிந்து கூறியதாகாது.

கிண்ணத்திற்கும் இவ்வாறே அகச்சான்று உண்டு. மூன்றாந் திருமுறையில் அமைந்த திருக்கழுமலப் பதிகம் ஒன்றில் சம்பந்தர் தாமே பொற்கிண்ணத்து அடிசிலையும், அதனைத் தகாதென்று தந்தை முனிந்ததையும், இறைவன் தம்மை ஆட்கொண்டதையும் குறித்துள்ளார். விரல் அதிற் கூறப்படவில்லை. ஆகவே சிற்பி ஒரு பதிகத்திலிருந்து கிண்ணத்தையும் மற்றொன்றிலிருந்து விரலையும் எடுத்து, இரண்டையும் ஓருருவின் இருகைகளில் வைத்தான். இரு பதிகங்களையும் சேர்த்துப் படித்து ஒரு நிகழ்ச்சியாகக் கண்ட முதல் உரையாசிரியர்களுள் அவனை வைத்து எண்ணுதல் தகும்.

இங்கு எகிப்தியக் குழந்தையை மீண்டும் நினைவுகூர்தல் பயன்தரும். ஐசிஸ் தன் மடியில் வைத்துப் பாலூட்டும் வெண்கலங்களும் அங்குப் பல. அங்கே தாய் உருவாகவே இருக்கின்றாள்; பாலும் அவள் மார்பிலிருந்து வருவது. சம்பந்தர் திருமேனியிலோ தாய் இல்லை. அவள் வந்துசென்றதற்கு எஞ்சிய அடையாளம் கிண்ணம் ஒன்றே. வராதாரைப் போல மறைந்த அவளையும் அவள் கொழுநனையும் பிறர்க்குக் காட்டுதற்கே விரல் எழுகின்றது. ஹார்ப்போகிரட்டீசின் விரல் அவனையே குறிப்பது: 'இவன் குழந்தை' எனப் பார்ப்போருக்கு அறிவிப்பது. சம்பந்தர் விரல் அவரைக் குறிப்பதன்று. தம்மை விட்டு நம் பார்வையை மேலே செலுத்துவது. எகிப்திய உருவில் வாய் விரலால் மூடப்பட்டது. பேச்சு வாராப் பருவத்திற்கு அஃதே அழகு. தமிழுருவில் வாய் திறந்திருத்தல் வேண்டும், பதிகம் எழுதற்கு. ஆதலின் விரல் வாயைவிட்டு நீங்கி வானுக்குச் சென்றது. பாற்பருவத்துக் குழந்தை விரலை வாயில் வைப்பதும், பேச்சு முதிருமுன் எதையும் விரலாற் காட்டுவதும் எந்நாட்டுத் தாயும் அறிவாள். இவ்விரு செயல்களுள் ஒன்றை நீலாற்றங்கரையார் கொண்டனர். மற்றதைக் காவிரிக்கரையார் கொண்டனர்.

சுட்டும் குழந்தை தமிழ்க் கவிதைக்கு அயலவனும் அல்லன். பெரியாழ்வாரின் அம்புலிப் பாடல்களில் யசோதையின் இடுப்பிலிருக்கும் கண்ணன் தன் சிறுகைகளால் மதியத்தைக் காட்டிக் காட்டி அழைக்கின்றான். அங்கே சுட்டு ஒரு விளையாட்டு. எட்டாததை வேண்டும் அடம். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழில் அம்புலி தனிப் பருவமாக நிலைபெற்றது. இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழையது ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். அதற்குத் தலைவன், சேக்கிழார் காலத்து மன்னனாகிய அவ்விரண்டாம் குலோத்துங்கனே. அரசனையே குழந்தையாக்கிப் பாடிய அவையில் குழந்தையாகிய அடியாரின் புராணம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாக விரிந்தமை தற்செயல் எனத் தோன்றவில்லை. அதற்கு முன்னரே நம்பியாண்டார் நம்பி, தாம் பாடிய பிரபந்தங்களுள் ஆறனை ஆளுடைய பிள்ளையார்க்கே உரிமையாக்கினார். பிள்ளையார் என்னும் பெயரே அவர்க்கு நிலைத்தது.

சேக்கிழாரிடம் மீள்வோம். அவர் சிற்பிக்குப் பொருள் தந்தவர் அல்லர் எனின், சிற்பியிடம் பொருள் பெற்றவரா? யாம் அவ்வாறே கருதுகின்றோம். தந்தை கோலோங்கிய இடத்துப் பாடலை ஊன்றிப் படிப்பார்க்கு மூன்று செயல்கள் புலனாகும்: குழந்தை கால் எடுக்கின்றது, கண்ணில் உவகைத்துளி சிந்துகின்றது, தலைக்குமேல் எடுத்த ஒரு கையின் விரலாற் சுட்டுகின்றது. கண்ணீர் கவிஞனுக்கே உரியது; செம்பில் வார்த்தற்கு இயலாதது. விரலுக்குப் பதிகத்தில் வேர் உண்டு. காலை எடுத்தல் எதற்கு? கதை அதனை வேண்டவில்லை. 'காட்டு' என்ற தந்தைக்கு விரல் ஒன்றே விடையாகும். கோல் கண்ட குழந்தை துள்ளி ஒதுங்கியது எனச் சிலர் உரைப்பர். ஆனால் அஞ்சி ஒதுங்கும் குழந்தைக்கு உவகைக் கண்ணீர் ஏது? எடுத்த காலும் தலைக்குமேல் உயர்ந்த விரலும் ஒருங்கே அமைந்த உருவத்தை நாம் வேறிடத்துக் கண்டிருக்கின்றோம். அது ஆடற் கோலத்துச் செப்புத் திருமேனி. திருவிழாவில் உலாப்போந்த அத்தகைய திருமேனியைக் கண்ணால் கண்ட ஒருவர், அதனைச் சொல்லில் எழுதிய பாடல் இது என்பது எம் துணிபு. ஆடற் கோலத்திருமேனிகளுள் பல பன்னிரண்டாம் நூற்றாண்டினவாகக் கணிக்கப்படுதலின், அவை சேக்கிழாரைப் பின்பற்றியன என்று மறுப்பார்க்கும் இடனுண்டு. அவர்களுக்கு எம் விடை: புராணத்தைக் கேட்டுச் செய்த சிற்பி, நின்ற கோலத்து உரிமைப்பொருளாகிய கிண்ணத்தை ஏன் கைவிட்டான்? சேக்கிழார் கிண்ணத்தை விரிவாகப் பாடியுள்ளாரே. ஆடுங் குழந்தையின் வீசிய கையிற் கிண்ணம் நில்லாது என்னும் கைத்தொழிலின் தேவை, அக்கோலம் கம்மியர் பட்டறையிலே கண்ணன் திருமேனியின் அச்சிலிருந்து பிறந்தது என்பதனையே காட்டும்.

ஆகவே பதிகத்தின் சொல் செம்பில் விரலாயிற்று. செம்பின் நிலை புராணத்திற் சொல்லாயிற்று. நூலைக் கொண்டே திருமேனிக்கு விளக்கம் தேடும் நம் வழக்கம் இருவழிப் பாதையின் ஒருபக்கத்தை மட்டும் அறிந்தது. திருமேனியைக் கொண்டு நூலுக்கு உரைகாணும் பணி தமிழ்த்துறைகளில் இன்னும் அரும்பவில்லை. எகிப்தியவியலார்க்கு ஒரு விரலின் பொருளை மீட்க மறைந்த எழுத்து ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. நமக்கோ பதிகம் ஓதப்படுகின்றது. புராணம் அச்சில் உள்ளது. திருமேனி நாடோறும் நீராட்டப் பெறுகின்றது. இருந்தும் விரலைக் கண்ணனுக்கு உரியதாக எழுதிவிடுகின்றோம்.

கல்லில் இவ்விரல் அரிது என்பதனையும் சேர்த்துக் கூறல் வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் எந்தச் சிவன் கோயிலுட் புகுந்தாலும் நால்வர் வரிசையைக் காணலாம். அவ்வரிசையிற் சம்பந்தர் பெரும்பாலும் திருக்கோலக்காவிற் பெற்ற தாளத்தை ஏந்தியோ கைகூப்பியோ நிற்பார். தனித்து நீண்ட ஒரு விரலைக் கல் தாங்காது. உளி தவறினும் ஒடியும், பின்னர் எண்ணெய்க்காப்பிடும் கை தவறினும் ஒடியும். கனமாக வார்த்த செம்புக்கு அவ்வச்சம் இல்லை. விரலைச் செம்பிலும் தாளத்தைக் கல்லிலும் மிகுதியாகக் காண்பதற்குப் பொருளின் இயல்பும் ஒரு காரணமாகும். எனினும் துணிந்த கல்தச்சர் சிலர் இருந்தனர். இச்சமவெளியின் சிற்றூர் ஒன்றில், கூரை சரிந்த மண்டபத்துள், முழங்கால் உயரமே உள்ள கற்குழந்தை ஒன்றைக் கண்டோம். வலக்கை மணிக்கட்டோடு ஒடிந்திருந்தது. உடன்வந்த மாணவர் இருவர் குறிப்பேட்டில் 'கண்ணன்' என எழுதத் தொடங்கினர். இடக்கையைப் பார்க்கச் சொன்னோம். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தபோது, மார்போடு ஒட்டிய சிறு கிண்ணம் ஒன்று முழுமையாக இருந்தது.